பத்துக்கு எத்தனை?

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்றைக்கு எனக்குச் சால்வை போர்த்தி ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்கள். இருபத்தாறு வருஷம் தினமும் பத்து நிமிஷம் தாமதமாக வந்தவனுக்கு, இனிமேல் எங்கேயும் போக வேண்டாத நாளில் கடிகாரம். யார் யோசனையோ தெரியவில்லை, குசும்பு பிடித்த ஆள். ஆனால் நான் பத்திரமாக வைத்திருப்பது கடிகாரத்தை இல்லை, என் பழைய நீலச் சட்டை ஒன்றை. மேலிருந்து மூன்றாவது பொத்தான் அதில் கிடையாது. என் வீட்டுக்காரி நாலு தடவை ஊசி நூலோடு வந்தாள். நாலு தடவையும் விரட்டிவிட்டேன்.

பிசியோதெரபி அறைக்கு உதவியாளாகப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, தங்கச்சிகளே, அந்தப் பொத்தான் போன கதையைத்தான் சொல்லப் போகிறேன். நோயாளியை எப்படித் தூக்குவது, இடுப்புப் பெல்ட்டை எங்கே பிடிப்பது, இதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நீங்கள் படித்தவர்கள். நான் மூன்றாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன். இரண்டு தடவையும் சிரமப்பட்டது வாத்தியார்தான். என் பெயரை எழுதுவேன். பஸ்ஸில் போட்டிருக்கும் ஊரை முதல் எழுத்தை வைத்து யூகித்து ஏறுவேன், பாதி நாள் சரியாக இருக்கும். எண்கள் தெரியும். இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். நடுநடுவே "அப்பா, இது வேணாமே" என்கிறாள். அவள் வேண்டாம் என்றதையெல்லாம் கட்டாயம் போடச் சொல்லியிருக்கிறேன்.

பக்கவாதம் என்றால் வயதானவர்களுக்கு வருவது என்று நினைத்துக்கொண்டுதான் நானும் வேலைக்குச் சேர்ந்தேன். ஒரு மாதத்தில் அந்த நினைப்பு போய்விட்டது. இருபத்தெட்டு, முப்பது, முப்பத்தைந்து என்று வருவார்கள். போன வாரம்வரை நெல் மூட்டை தூக்கியவன். போன வாரம்வரை பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடி பஸ் பிடித்தவள். பெரியவருக்கு வந்தால் வீடு அழுது ஓய்ந்துவிடும். வாலிபத்தில் வந்தால் வீடே சேர்ந்து அந்த ஆளைக் கைக்குழந்தையாக்கிவிடும். இன்னும் நாற்பது வருஷம் வாழ வேண்டிய கைக்குழந்தை.

எங்கள் அறைக்கு ஒரு மேடம் இருந்தார். பெயரைப் போட்டால் திட்டுவார், அதனால் மேடம் என்றே வைத்துக்கொள்வோம். கை எவ்வளவு தூக்குகிறது, கால் எவ்வளவு மடங்குகிறது என்பதற்கெல்லாம் அவரிடம் தாள் உண்டு. அதோடு இன்னொரு தாளும் வைத்திருந்தார். வாழ்க்கை எப்படிப் போகிறது என்று கேட்கிற தாள். பன்னிரண்டு கேள்வி. ஒவ்வொரு கேள்விக்குக் கீழேயும் பூஜ்யத்திலிருந்து பத்து வரை எண்கள். நோயாளி எந்த எண்ணைச் சொல்கிறாரோ அதைச் சுற்றி ஒரு வட்டம் போட வேண்டும்.

"வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கிட்டு நான் கேட்டா மரியாதைக்குப் பதில் சொல்றாங்க. நீங்க கேளுங்க ராசு அண்ணே, உங்ககிட்ட உண்மையைச் சொல்லுவாங்க" என்றார் மேடம்.

எனக்குத் தலை கால் புரியவில்லை. மூன்றாம் வகுப்புக்காரன் கையில் பேனா! பன்னிரண்டு கேள்வியையும் அவர் படித்துக் காட்ட, இரண்டு நாளில் மனப்பாடம் செய்தேன். மூன்றாவது நாள் ஏமாற்றக் கற்றுக்கொண்டேன்.

ஏமாற்று என்றால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. "எப்படிம்மா இருக்க?" என்று கேட்பேன். "நல்லா இருக்கேண்ணே" என்பார்கள். நம் பக்கத்தில் அந்தக் கேள்விக்கு வேறு பதிலே கிடையாது. சுடுகாட்டு வாசலில் நிறுத்திக் கேட்டாலும் "நல்லா இருக்கேன், வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?" என்றுதான் சொல்வோம். நோயாளி வாயைத் திறக்கும் முன்பே கூட வந்தவர் பதில் சொல்லிவிடுவார். "பத்து போட்டுடவா?" என்று நானே எடுத்துக் கொடுப்பேன். தலை ஆடும். பன்னிரண்டு வட்டத்தையும் போட்டுவிட்டுப் போனால் டீ சூடாகவே இருக்கும். பத்து, ஒன்பது, பத்து, பத்து. நடுவில் ஒரு எட்டு. சந்தேகம் வரக் கூடாதல்லவா.

அப்படி நான் பத்து போட்டவர்களில் ஒருத்தி லூர்துமேரி. முப்பத்தொரு வயது. நன்னிலம் பக்கம் ஒரு கிராமம். பதினாலு பெண்கள் உள்ள நடவு செட்டுக்கு அவள்தான் தலைவி. யார் வயலில் என்றைக்கு நடவு, எத்தனை பேர் இறங்குவது, யார் வண்டியில் போவது, எல்லாம் அவள் போனில்தான் முடிவாகும். பங்குனி மாதத்தில் ஒரு காலையில் தலை வாரிக்கொண்டிருந்தாள். இடது கையில் பிடித்திருந்த கண்ணாடி நழுவியது. எடுக்கக் குனிந்தவள் எழுந்திருக்கவில்லை. மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு. இடது கை, இடது கால், இடது பக்க வாய் மூன்றும் போனது. பேச்சு கொழகொழவென்று வரும், ஆனால் வரும்.

வாரத்துக்கு மூன்று நாள் இரண்டு பஸ் மாறி மாமியார் கூட்டிக்கொண்டு வருவார். கணவன் அந்தோணி அறுவடை மிஷின் டிரைவர், மாவட்டம் மாவட்டமாகப் போகிற வேலை. மாமியார் என்றதும் நீங்கள் ஒருத்தியை நினைத்துக்கொள்வீர்கள், அது இவர் இல்லை. அப்படி ஒருத்தி இருந்திருந்தால் லூர்து சண்டை போட்டே பிழைத்திருப்பாள். இவர் தங்கம். மதியம் பெஞ்சில் உட்கார்ந்து டப்பாவைத் திறப்பார். மருமகளின் வலது கை முழுசாக நன்றாக இருக்கும்போதே, சோற்றை உருட்டி அவள் வாயில் வைப்பார். வாயைத் துடைத்துவிடுவார். தலையைக் கோதிவிடுவார். பார்க்கிறவர்கள் எல்லாம், "இந்தக் காலத்துல இப்படி ஒரு மாமியாரா!" என்று கண் கலங்கிவிட்டுப் போவார்கள். நானும் கலங்கினேன். எனக்குக் கலங்குவதற்குச் சம்பளம் தனியாக இல்லாவிட்டாலும் அந்த வேலையைச் சரியாகச் செய்வேன்.

ஆவணியில் அவளுடைய தாளை எடுத்துக்கொண்டு போனேன்.

"வீட்டுல உங்க பேச்சை மதிக்கிறாங்களா?"

"மகாராணி மாதிரி வச்சிருக்கோம் தம்பி" என்றார் மாமியார். லூர்துவின் பாதத்தை மடியில் வைத்துப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப பத்து போட்டுடவா தங்கச்சி?"

லூர்து என்னைப் பார்த்தாள். அவளுக்கு அசைவது பாதி முகம்தான். அந்தப் பாதியும் அசையவில்லை.

"போடுங்க" என்றாள். போட்டேன். டீ சூடாக இருந்தது.

அடுத்த வாரம் மேடம் ஃபைல்களைப் பார்த்தார். எங்கள் அறையில் இடம் குறைவு, காத்திருப்பவர்கள் அதிகம். "லூர்துமேரி நடக்கிறாங்க, வாழ்க்கையும் பத்து, ஒன்பதுன்னு இருக்கு. அவங்க இடத்தை வேற ஒருத்தருக்குக் கொடுத்துடலாம். ஆறு மாசம் கழிச்சு வந்து காட்டச் சொல்லுங்க" என்றார்.

நல்ல சேதி சொல்வதில் எனக்கு எப்போதும் ஒரு ஆசை. லூர்து கம்பிகளுக்கு நடுவே நடந்து முடித்து, வலது கையால் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய இடுப்புப் பெல்ட்டை அவிழ்க்கக் குனிந்தபடியே சொன்னேன்.

"தங்கச்சி, உன்னைப் பாஸ் பண்ணியாச்சு! இனிமே இந்த மூஞ்சிய ஆறு மாசத்துக்கு ஒருக்கா பாத்தா போதும்."

"வேளாங்கண்ணித் தாயே!" என்று மாமியார் கையெடுத்துக் கும்பிட்டார்.

"யாரு பாஸ் போட்டது?" என்றாள் லூர்து.

"உன் பேப்பருதான். எல்லாம் பத்து."

வலது கை கம்பியைப் பிடித்திருந்ததால் இடது கை வந்தது. ஐந்து மாதமாக ஒரு டம்ளரைப் பிடி என்று நாங்கள் கெஞ்சியும் பிடிக்காத கை. அது வந்து என் சட்டையை நெஞ்சோடு சேர்த்துக் கொத்தாகப் பிடித்தது. இப்படிப்பட்ட கைக்கு ஒரு குணம் உண்டு, நீங்களும் பார்ப்பீர்கள். பிடிப்பதைவிட விடுவதுதான் அதற்குக் கஷ்டம். கோபம் வந்தால் இன்னும் இறுகும்.

"ஐயோ, தம்பி சட்டை! விடும்மா, விடு கண்ணு" என்று மாமியார் பிடித்து இழுத்தார். பொத்தான் தெறித்துப் பயிற்சிச் சைக்கிளுக்கு அடியில் போனது. கை விடவில்லை. மாமியார் பயந்துபோய் மேடத்தைக் கூட்டிவர ஓடினார்.

பல வருஷ வேலை, அந்தக் கையை எடுக்க எனக்குத் தெரியாதா? மணிக்கட்டை உள்பக்கம் மடக்கி, கட்டைவிரலை மெல்ல வெளியே கொண்டுவந்தால் மற்ற விரல்கள் தானே இளகும். நானும் அதற்காகக் கையைக் கொண்டுபோனேன்.

"எடுத்தீங்க, கடிச்சு வச்சிருவேன்" என்றாள்.

எடுக்கவில்லை. அவளும் நானும் தனியாகப் பேசுவது அதுதான் முதல் தடவை என்று அப்போதுதான் உறைத்தது. ஐந்து மாதம் கழித்து!

"நான் பத்துன்னு சொன்னேனா?" என்றாள்.

"போடுங்கன்னு சொன்னியே தங்கச்சி."

"அத்தை என் காலை மடியில வச்சுப் பிடிச்சு விட்டுக்கிட்டு இருக்கு. அது மூஞ்சிய பாத்துக்கிட்டு ரெண்டுன்னு சொல்ல முடியுமா? நீங்கதான் சொல்லுவீங்களா?"

கட்டைவிரலை எடுக்க நீட்டிய என் கையைக் கீழே போட்டேன்.

"சோறு ஊட்டுறாங்க. தலை வாரி விடுறாங்க. மனசு கஷ்டப்படும்னு போனை வாங்கி வச்சுக்கிட்டாங்க. எம் மவன் கணக்குப் பரீட்சையில கோட்டை விட்டுட்டு வந்து நிக்கிறான், நான் கத்தக் கூடாதாம், பிரஷர் ஏறிடுமாம். அவரு போன் பண்ணுனா 'சரி கண்ணு, சரி கண்ணு'ங்கிறாரு. பத்து வருசக் கல்யாணத்துல ஒருநா என்னைய கண்ணுன்னு கூப்பிட்டது கெடயாது. அஞ்சு மாசமா என்னைய ஒருத்தரும் திட்டலண்ணே. நான் என்ன செத்தா போயிட்டேன்?"

வாய் ஓரம் எச்சில் வழிந்தது. அவளே தோளில் துடைத்துக்கொண்டாள்.

"பொரட்டாசி கடைசியில சம்பா நடவு. எஞ் செட்டு எறங்கப் போவுது. நான் வயல்ல நிக்கணும். ஆறு மாசம் கழிச்சு இங்க வந்து என்ன பண்ண? கதிர் அறுக்கவா?"

அப்போது மேடம் வந்துவிட்டார். பின்னால் மாமியார். நான் சட்டையோடு மாட்டிக்கொண்டு நிற்கிறேன். "என்னாச்சு?" என்றார் மேடம்.

தம்பிகளா, தங்கச்சிகளா, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். உங்களுக்கும் இப்படி ஒரு நிமிஷம் வரும். எங்கள் அறையில் ஒரு வசதியான வார்த்தை உண்டு: "உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க." நோயாளி எந்த உண்மையைக் கத்திச் சொன்னாலும் ஃபைலில் அந்த ஒரு வார்த்தையை எழுதிவிட்டால் போதும், எல்லோரும் தப்பித்துவிடலாம். அது என் நாக்கு நுனிவரை வந்தது. சத்தியமாக வந்தது. ஆனால் அந்தக் கை என் நெஞ்சிலேயே இருந்தது. அதை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

"மேடம், தப்பு என்னுது. அந்தப் பேப்பர்ல இருக்கறது இவங்க சொன்னது இல்ல. நான் போட்டது."

"இவங்களுக்கு மட்டுமா?"

"எல்லாருக்கும்."

திட்டுவார் என்று நினைத்தேன். மேடம் ஒரு புதுத் தாளை எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். "உங்க வாழ்க்கைக்குப் பத்துக்கு எத்தனை, ராசு அண்ணே?"

"பத்து மேடம்." யோசிக்காமல் வந்தது.

"முந்தாநாள் அந்த பீரோவுக்குப் பின்னாடி நின்னு, மக ரெண்டு மாசமா பேச மாட்டேங்குறான்னு அழுதீங்களே."

"அது வேற மேடம்."

"எது வேற?"

(இந்த இடத்தில் என் மகள் எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்து போனாள். திரும்பி வந்து, "சொல்லுங்க" என்றாள். சொல்கிறேன்.)

மேடம்தான் லூர்துவின் கட்டைவிரலை மெல்ல எடுத்து என்னை விடுவித்தார். அன்றைக்கே லூர்துவின் ஃபைல் திரும்பத் திறந்தது. எனக்குத் தண்டனை இதுதான்: நான் வட்டம் போட்ட ஒவ்வொருவரையும் மறுபடி உட்காரவைத்துக் கேட்க வேண்டும். கூட வந்தவர்களைக் கேன்டீனுக்கு அனுப்பிவிட்டுக் கேட்க வேண்டும். "பத்து போட்டுடவா" என்ற வார்த்தை என் வாயில் வந்தால் வேலை போய்விடும்.

கேட்டேன். பத்தெல்லாம் சரிந்தது. பேராவூரணிப் பக்கத்திலிருந்து வந்த தென்னந்தோப்புக்காரத் தம்பி, முப்பது வயது, நடை எங்கள் கணக்கில் முதல் தரம். மூன்று என்றான். "பக்கத்துல படுத்தா எனக்கு மறுபடி ஏதாச்சும் ஆயிடும்னு வீட்டுக்காரி பயப்படுறாண்ணே. பாயைத் தள்ளிப் போட்டுக்கிறா" என்றான். (மகள் இதைத்தான் வேண்டாம் என்றாள்.) ஜவுளிக் கடையில் வேலை பார்த்த பாய் ஒருத்தர், என்னைவிட இருபது வயது இளையவர், இரண்டு என்றார். பேச்சு குழறுவதால், குடித்திருக்கிறார் என்று நினைத்து பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போய்விட்டாராம். "வாழ்க்கையில தொட்டதில்லண்ணே, எனக்கா இந்தப் பேரு?" என்றார். தோப்புத் தம்பிக்கு நான் ஒன்பது போட்டிருந்தேன். நடுவில் சந்தேகம் வராமலிருக்கப் போட்ட எட்டு, அந்த பாய்க்குத்தான்.

லூர்துவின் தாளில் பெரும்பாலும் இரண்டு, மூன்று. பேச்சை மதிக்கிறார்களா என்பதற்குப் பூஜ்யம். மாமியார் அதை அறிந்து, சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். "கீழ விடாம பாத்துக்கிட்டேனே தம்பி. அதுல என்ன குத்தம்?" என்று என்னைக் கேட்டார்.

"உங்களுக்கு என்ன வேணும், லூர்து?" என்று மேடம் கேட்டார்.

"வரப்பு."

"என்னது?"

"இந்த வழவழ தரையில நடந்து நான் என்ன பண்ண? எங்க வயலுக்கு டைல்ஸா போட்டிருக்கு? ஒரு வரப்பு போட்டுக் குடுங்க, பக்கத்துல சேறு வைங்க. அதுல நடக்கச் சொல்லிக் குடுங்க."

மேடம் என்னைப் பார்த்தார். "உங்களுக்கு வரப்பு போடத் தெரியுமா?"

"என்ன மேடம் இப்படிக் கேட்டுட்டீங்க! விவசாயக் குடும்பம்" என்று நெஞ்சை நிமிர்த்தினேன். பொத்தான் இல்லாத இடம் விரிந்துகொண்டது.

அறைக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி வழிகிற இடத்தில் ஒரு மண்வெட்டியோடு இறங்கினேன். லூர்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். இரண்டு மணி நேரம் வியர்க்க விறுவிறுக்க ஒரு வரப்பு கட்டினேன். தொட்டி ஒரு தடவை வழிந்தது. வரப்பு கரைந்து போனது.

"என்னண்ணே இது, கேழ்வரகுக் களியா?" என்றாள் லூர்து. அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். வாய் ஒரு பக்கம்தான் போனது, சிரிப்பு முழுசாக இருந்தது.

அதுவரை ஓரமாக நின்ற மாமியார் சேலையைத் தூக்கிச் செருகினார். "தள்ளு தம்பி" என்று என் கையிலிருந்து மண்வெட்டியைப் பிடுங்கினார். மண்ணை வெட்டி அப்பி, மிதித்து, மண்வெட்டியின் முதுகால் தட்டி, அரை மணி நேரத்தில் ஒரு வரப்பு. அதன்மேல் மாட்டை ஓட்டலாம். முடித்துவிட்டு மருமகளைப் பார்த்துக் கேட்டார். "விழுந்தா?"

"விழுந்தா எந்திரிப்பேன். நீ தூக்காத, அத்தை."

கணுக்காலுக்கு நாங்கள் கொடுத்திருந்த பிளாஸ்டிக் பட்டை சேற்றில் உதவாது. மேடம் துணிப் பட்டையால் பாதத்தை மேலே இழுத்துக் கட்டிவிடும் முறை ஒன்றைப் பழக்கினார். இடுப்பில் பெல்ட், பக்கத்தில் நான். முதல் வாரம் வரப்பில் மட்டும். இரண்டாவது வாரம் சேற்றில். மூன்றாவது வாரம் பெல்ட்டிலிருந்து கையை எடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றால் போதும் என்றார் மேடம்.

நான் கையை எடுத்த அன்றைக்கே லூர்து விழுந்தாள். இடது கால் சேற்றில் மாட்டிக்கொள்ள, பக்கவாட்டில் சாய்ந்து பொத்தென்று. தலை படவில்லை, வலது கையை ஊன்றிவிட்டாள். மாமியார் "மாதாவே!" என்று ஓடி வந்தார். நானும் குனிந்தேன்.

"தொடாதீங்க!"

அடி இல்லை என்று மேடம் ஒரு பார்வையில் பார்த்துவிட்டார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் மாமியாரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். அந்த அம்மாளுக்கு அந்த வயதிலும் என்ன பலம்! அவரைப் பிடித்து நிறுத்தியதுதான் என் சர்வீஸிலேயே கஷ்டமான வேலை. மூட்டை மூட்டையாக ஆட்களைத் தூக்கியிருக்கிறேன். தூக்காமல் நிற்பது அதைவிடப் பாரம்.

அந்த நேரம் பார்த்துத்தானா பெரிய டாக்டர் அந்தப் பக்கம் வர வேண்டும்? கூட நாலு சின்ன டாக்டர்கள். ஒரு நோயாளி சேற்றில் கிடக்கிறாள். பிசியோ மேடம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். உதவியாள் ஒருத்தன், பொத்தான் இல்லாத சட்டையோடு, அழுகிற ஒரு அம்மாளின் கையை முறுக்கிப் பிடித்திருக்கிறான்.

"என்னய்யா நடக்குது இங்க?" என்று கத்தினார்.

அவர் சத்தம் போட்டால் நான் வழக்கமாக பீரோவுக்குப் பின்னால் போய்விடுகிற ஆள். அன்றைக்கு பீரோ தூரத்தில் இருந்தது.

"எந்திரிக்கிறாங்க சார்" என்றேன்.

"என்ன?"

"அவங்க எந்திரிக்கிறாங்க சார். கொஞ்ச நேரம் ஆகும். நில்லுங்க."

பெரிய டாக்டரை 'நில்லுங்க' என்று சொன்னவன் நான்! அவர் நின்றார். கோபத்தில் நின்றாரா, திகைப்பில் நின்றாரா தெரியாது, நின்றார். லூர்து முதலில் புரண்டு மண்டியிட்டாள். வலது கையை வரப்பில் ஊன்றினாள். இடது காலை இழுத்தாள், வரவில்லை. கெட்ட வார்த்தை ஒன்று சொன்னாள், டாக்டர்கள் நாலு பேரும் தரையைப் பார்த்தார்கள். மறுபடி இழுத்தாள். சேறு 'பொளக்' என்று விட்டது. எழுந்து நின்றாள். முகமெல்லாம் சேறு.

பெரிய டாக்டர் குனிந்து அவளுடைய கால் கட்டைப் பார்த்தார். பிறகு சின்ன டாக்டர்களிடம், "இதை எழுதிக்கங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். எதை எழுதினார்களோ. கெட்ட வார்த்தையை எழுதியிருக்க மாட்டார்கள்.

புரட்டாசி கடைசியில் மேடம் என்னை நன்னிலத்துக்கு அனுப்பினார். கையில் அந்தத் தாள். "அவங்க வயல்ல வச்சே கேட்டுட்டு வாங்க" என்றார். அதே சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன், சரியான பஸ்.

தூரத்திலேயே தெரிந்துவிட்டது. பதினாலு பேர் குனிந்து நட்டுக்கொண்டு பின்னால் நகர்கிறார்கள். வரப்பை ஒட்டிய ஓர வரிசையில் லூர்து. வழக்கமாக இடது கையில் நாற்று முடியை, அதாவது ஒரு கட்டு நாற்றை, பிடித்துக்கொண்டு வலது கையால் நடுவார்கள். அவள் முடியை இடுப்பில் கட்டிய சாக்குப் பையில் செருகியிருந்தாள். மற்றவர்கள் மூன்று வரிசை போடும் நேரத்தில் அவள் ஒன்று. கழுத்தில் பிளாஸ்டிக் பைக்குள் போன் தொங்கியது. அது அடித்துக்கொண்டே இருந்தது. அவள் அதில் யாரையோ அதட்டிக்கொண்டே இருந்தாள். மாமியார் வரப்பில், இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். வெளியே விட்டால் அந்தக் கைகள் தானே ஓடிப்போய் அவளைப் பிடித்துவிடும் என்று பயம்.

நடவு நேரத்தில் வரப்பில் புது ஆள் வந்தால் பெண்கள் விடமாட்டார்கள், தெரியுமல்லவா? காலடியில் ஒரு நாற்று முடியை வைத்து மறிப்பார்கள். ஏதாவது கொடுத்தால்தான் வழி. லூர்து என்னைப் பார்த்ததும் ஒரு முடியை எடுத்தாள். வலது கையால் எடுத்து இடது கையில் திணித்துக்கொண்டாள். என் காலடியில் கொண்டுவந்தாள். இப்போது அந்தக் கை விட வேண்டும். செட்டு முழுக்க நட்டதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தது. ஒரு விரல் நகர்ந்தது. அப்புறம் ஒன்றும் இல்லை. நான் குனிந்து எடுத்துவிட்டிருக்கலாம். குனியவில்லை. கட்டைவிரல் மெல்ல விலகியது. முடி என் செருப்பின் மேல் விழுந்தது.

"என்ன வேணும் தங்கச்சி?"

"எறங்கி நடுங்க."

இறங்கினேன். விவசாயக் குடும்பம் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டேனே. நாலாவது நாற்றில் உட்கார்ந்துவிட்டேன், சேற்றில், முழுசாக. "அவரைத் தூக்காதீங்கடி, எந்திரிப்பாரு" என்றாள் லூர்து. பதினாலு பேரும் சிரித்த சிரிப்பில் கொக்குகள் பறந்தன.

எழுந்து, சேற்றுக் கையோடு தாளை எடுத்தேன். மற்ற கேள்விகளை முடித்துவிட்டுக் கடைசிக் கேள்விக்கு வந்தேன். "மொத்தத்துல உன் வாழ்க்கைக்குப் பத்துக்கு எத்தனை?"

வரப்பில் வலது கையை ஊன்றிக்கொண்டு யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள்.

"ஆறு."

"ஆறா? இவ்வளவு தூரம் வந்துட்டு?"

"காலு சேத்துல மாட்டுது. கை சொன்னா கேக்கல. ராத்திரி ஆனா மறுபடி வந்துடுமோன்னு பயமா இருக்கு. ஆறுதான். கூடப் போட்டீங்கன்னா அடுத்த பொத்தானும் போயிடும்."

ஆறைச் சுற்றி வட்டம் போட்டேன். நான் அந்தத் தாளில் போட்டதிலேயே கோணலான வட்டம் அது, கை முழுக்கச் சேறு. அப்போது வயலின் அந்தக் கடைசியிலிருந்து ஒருத்தி கத்தினாள்.

"ஏ லூர்து! பேசிக்கிட்டே நட்டா வரிசை எங்க போவுது பாரு! பாம்பு போன மாதிரி! கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?"

"எங்கடி கோணுது? உன் மூஞ்சிதான் கோணல்!" என்று லூர்து திரும்பிக் கத்தினாள். வார்த்தை கொழகொழவென்று வந்தது, ஆனால் வயல் முழுக்கக் கேட்டது. அந்தப் பக்கத்திலிருந்து இன்னும் இரண்டு திட்டு வந்தது. இவள் மூன்று கொடுத்தாள். மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

சண்டை ஓய்ந்ததும் மூச்சு வாங்க என்னிடம் திரும்பினாள்.

"அண்ணே, அந்த ஆறை அடிச்சுட்டு ஏழு போடுங்க."